சாளை வந்த காலை

சக்கரத்தை எம் எழுத்துக்குத் திருப்பியபோது
ஆறரை மணி.
பார்க் ரைனி கரையில் ஜூன் மாதக் குளிர்.
கடலையும் வானத்தையும்
இன்னும் யாரும் பிரித்து வைக்கவில்லை.

இசிபிங்கோ அடகுக்கடையில் வாங்கிய கேமரா.
ஆயிரத்து நானூறு ராண்ட்,
பையும் சேர்த்து.
இத்தனை மாதம் ஆட்டோவிலேயே ஓட்டினேன்.
கடற்காகத்தை எடுத்தால்
மழையில் கிடந்த செய்தித்தாள்.
தயாநாயகியின் கறுப்புச் சேலையை எடுத்தால்
அடுப்புச் சாம்பல்.
உலகம் மொத்தமும் ஒரே சாம்பல்நிறம் என்று
எந்தத் தொழிற்சாலையிலோ
அதற்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.
அது பொய் சொல்வதில்லை.
சராசரி சொல்கிறது.

அம்மாவின் பழைய அடையாள அட்டையில்
வெள்ளைக் காலர்
நூலிழை தெரிய விழுந்திருக்கும்.
அதற்கு மேலே ஒரு இருட்டு,
இருட்டில் இரண்டு புள்ளி.
காலருக்கு அளந்திருக்கிறான் அந்த ஆள்.

சரி. துளை ஐந்து புள்ளி ஆறு.
ஷட்டர் அறுபது.
ஐஎஸ்ஓ எண்ணூறு.
குட்டைப் போர்வை மாதிரி மூன்றும்,
தலைக்கு இழுத்தால் கால் வெளியே.
துளையைச் சுருக்கினால் இருட்டு,
ஷட்டரைத் தாமதித்தால்
நாய்க்கு ஆறு கால்.
கண்ணாடிக்குள் சின்ன அளவுகோல்,
அதில் குறிமுள்
கழித்தல் பக்கம் சாய்ந்து கிடக்கிறது.
அதை நடுவுக்குக் கொண்டுவந்து
நிமிர்வதற்குள்
சூரியன் இன்னொரு விரற்கடை ஏறிவிடுகிறது.
நான் வைத்த எண்ணெல்லாம்
போன நிமிடத்து எண்.

அப்போதுதான் மேட்டில் நின்றவன்
சட்டையைக் கழற்றிச் சுழற்றினான்.
பறவைகள் கடலில் ஆணி அடித்தன.
"வந்திருச்சு! வந்திருச்சு!"
டெனிஸ் மூட்லியின் படகு
அரைவட்டம் போட்டுத் திரும்பியது.
கயிற்றில் ஐம்பது கை.
பள்ளிக்கூடச் சீருடை, பைஜாமா,
பெட்ரோல் பங்க்கை அப்படியே விட்டு ஓடிவந்த
ஒரு பையன்.
வலை கரையைத் தொட்டதும்
அலை முழுக்கச் சாளை.
வெள்ளி வெள்ளியாய்த் துள்ளி,
துள்ளி,
வெயில் அத்தனை முதுகிலும் உடைந்து,

நான் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

குறிமுள் கூட்டல் பக்கக் கடைசியில் போய் முட்டி
கண் சிமிட்டியது.
விடியலுக்கு வைத்த அதே அறுபதில்
பகலை எடுத்துக்கொண்டிருந்தேன்.
ஏழு படம்.
ஏழும் வெறும் வெள்ளை.
பதறி ஆயிரத்துக்குத் திருகினேன்,
துளையைப் பதினாறுக்கு.
இப்போது நடுராத்திரி.
தொண்டைக்குள் ஒரு கெட்ட வார்த்தை.

சூரியனுக்கு முதுகைக் காட்டி
எதிரே வந்தாள் நோம்சா.
தலையில் வாளி,
ஒவ்வொரு அடிக்கும் ஒரு மீன் கீழே விழ,
சிரித்துக்கொண்டு.
முள் என்னமோ சொன்னது.
நான் அவள் கன்னத்தைப் பார்த்து
இருநூற்றைம்பது என்றேன்,
எட்டு என்றேன்.
பின்னால் அலை எரிந்து போயிற்று.
போகட்டும்.
அவள் பல் இடுக்கு,
நெற்றியில் உப்பு,
எல்லாம் இருக்கிறது.

டெனிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.
நோம்சாவைப் பார்த்து "ம்" என்றார்.
பின்னால் தள்ளித் தள்ளி
அந்த ஏழு வெள்ளையில் நின்றார்.
அழித்துவிடுகிறேன் என்றேன்.
"ஏன்? வலை ஏறும்போது
இப்படித்தான் இருக்கும் எனக்கு.
கண்ணே தெரியாது."

கூடை நானூறு ராண்ட் என்றான் அவர் தம்பி.
பேரம் பேசி அரைக்கூடை வாங்கினேன்.
காரில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது பார்த்தேன்:
ஷட்டர் சக்கரத்தில்
நூற்றிருபத்தைந்துக்கும் இருநூற்றைம்பதுக்கும் நடுவே
ஒட்டிக் காய்ந்திருந்தது
ஒரு செதில்.
நகத்தால் சுரண்டப் போனேன்.
விளக்கு பச்சையாகிவிட்டது.